உடையப்பன் நீட்டாத கால்

எனக்குக் கோபம் வரும். இதை மறைத்துவிட்டுச் சொன்னால் இந்தக் கதையே நிற்காது. பதினெட்டு வருட சர்வீஸில் நான் போட்ட சத்தத்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் வாங்கியிருக்க வேண்டாம் என்று ஷர்லி சொல்வாள். ஷர்லி என்கூட வேலை பார்க்கும் நர்ஸ். நான் திருக்கோகர்ணத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி, திருவரங்குளம் தாண்டி வந்து இறங்குகிறவள். புண்ணுக்குக் கட்டுப் போடும் அறை என் பொறுப்பு.

போன தை மாதம் எங்கள் இருவரையும் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நோயாளிக்கும் செவிலியருக்கும் நல்லுறவு வளர்ப்பது எப்படி என்பது தலைப்பு. முகம் மலரச் சிரிக்க வேண்டும். முதலில் நம் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். நோயாளி பேசும்போது குறுக்கே விழக் கூடாது. எக்காரணம் கொண்டும் திட்டக் கூடாது. இந்தக் கடைசி விதி வந்தபோது ஷர்லி என் விலாவில் இடித்தாள். நான் சமோசாவைக் கடித்தேன். முடிவில் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கட்டுப் போடும் அறையில் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டி வைத்தேன். இனி திருந்திவிட வேண்டும் என்று சத்தியமாகவே நினைத்தேன்.

திருந்திய பிறகு நான் முதலில் சிரித்தது உடையப்பனைப் பார்த்துத்தான். அந்தச் சிரிப்பால் வந்த வினைதான் இவ்வளவும்.

உடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பக்கத்துக் கிராமத்தில் இரண்டு ஏக்கர் கடலைக்கொல்லை. மனைவி இறந்துவிட்டார், மகன் குவைத்தில், வீட்டில் இவர் மட்டும். சர்க்கரை முந்நூற்று நாற்பது. வலது காலில் கட்டைவிரலுக்கு அடியில் கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. மூன்று நாள் கழித்து, வீட்டுத் தரையில் ஈரமாக என்னவோ ஒட்டுகிறதே என்று பார்த்த பிறகுதான் மனிதருக்கே தெரிந்திருக்கிறது. டாக்டர் அன்புமொழி முள்ளை எடுத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கச் சொன்னார். ஊரில் மாரியம்மன் திருவிழா வருகிறது, அது முடியாமல் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்க முடியாது என்று உடையப்பன் சொல்லிவிட்டார். அன்புமொழி சின்னப் பெண், சத்தமாகப் பேசத் தெரியாது. ஒரு நாள் விடாமல் கட்டு மாற்ற வேண்டும், இன்சுலின் போட வேண்டும், அந்தக் காலை ஊன்றக் கூடாது என்று மெதுவாகவே சொன்னார். புண் எலும்புக்கு இறங்கினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றும், விரலோடு நிற்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

ஆக, அந்தக் கால் என் கைக்கு வந்து சேர்ந்தது. நான் முகம் மலரச் சிரித்தேன். "வணக்கம்ங்க. என் பேரு முத்துமாரியம்மாள். நாந்தான் ஒங்களுக்குக் கட்டு மாத்தப் போறேன்" என்றேன். பயிற்சியில் சொன்னதில் ஒரு எழுத்துக் குறையவில்லை.

ஸ்டூலில் நீட்டியிருந்த கால் சடாரென்று உள்ளே போய்விட்டது.

அவர்கள் ஊர் அம்மன் முத்துமாரி. அந்தப் பெயருள்ளவளைக் காலடியில் உட்காரவைத்து, சீழ்ப் பிடித்த காலைத் தொடவிடுவதா? உடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் பெயர் அட்டையைக் கழற்றிப் பையில் வைத்தேன். தெரிந்துபோன பிறகு கழற்றி என்ன பிரயோசனம் என்றார். என் அப்பா வைத்த பெயருக்கு நான் என்னய்யா செய்வேன் என்று கேட்க வாய் வந்தது. தொட்டிக்கு மேலே இருந்த சான்றிதழைப் பார்த்தேன். வார்த்தையை அப்படியே விழுங்கினேன்.

ஷர்லி என்ற பெயரில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஷர்லிக்கு ஒன்பது மாதம். ஒரு முக்காலியைப் போட்டு எப்படியோ உட்கார்ந்து கட்டு மாற்றிவிடுவாள். எழுந்திருப்பதுதான் திருவிழா. ஒரு கையை நான் பிடிக்க, இன்னொரு கையை உடையப்பன் ஒற்றைக் காலில் நின்றபடி பிடிக்க, இரண்டு பேருமாகத் தூக்கிவிடுவோம். மூன்று பேரும் சேர்ந்து விழுந்துவிடாமல் இருந்ததே பெரிய விஷயம். நான்கு நாள் இப்படி ஓடியது. வெள்ளிக்கிழமை அவள் பிரசவ விடுப்பில் போய்விட்டாள்.

சனிக்கிழமை உடையப்பனே ஒரு வழி சொன்னார். கட்டை அவரே மாற்றிக்கொள்வாராம், நான் தள்ளி நின்று சொன்னால் போதுமாம். தன் உள்ளங்கால் தனக்கு எங்கே தெரிகிறது? என் கைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்து எதிரே பிடித்தேன். கண்ணாடியில் இடது வலது மாறி, மனிதர் புண்ணை விட்டுவிட்டுச் சுண்டுவிரலுக்கு அருமையாக மருந்து போட்டார். "இங்கிட்டு இல்லங்க, அங்கிட்டு" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. இரண்டு நாளில் புண்ணின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது.

திங்கட்கிழமை வந்தபோது அவர் மணிக்கட்டில் மஞ்சள் தடவிய கயிறு இருந்தது. காப்பு. பூக்குழி இறங்கித் தணல் மிதிக்கிறவர்கள் கட்டிக்கொள்வது. என்னங்க இது என்றேன். இன்னும் பதினைந்து நாளில் பூக்குழியாம். ஏழு வருடத்து நேர்த்திக்கடனில் இது ஆறாவது வருடமாம். சொல்லிவிட்டு உடையப்பன் குழந்தை மாதிரி சிரித்தார். "போன வருசம் தணலு பூ மாதிரி இருந்துச்சுங்க. ஆத்தா சுடவே இல்ல."

சுடவே இல்லையாம். முள் ஏறி மூன்று நாள் தெரியாத காலுக்குத் தணல் எப்படிச் சுடும்? சர்க்கரை அந்தக் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. அந்தக் காலோடு, திறந்த புண்ணையும் வைத்துக்கொண்டு, இந்த மனிதர் நெருப்பில் நடக்கப் போகிறார்.

அப்போது எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். கையிலிருந்த பெட்டாடின் பாட்டிலை ஓங்கி மேஜையில் வைத்தேன். அது பீறிட்டு முழங்கை வரைக்கும் சிவப்பாக வழிந்தது. கொண்டை கிளிப் தெறித்து எங்கேயோ போய் விழுந்தது. முடி அவிழ்ந்து முதுகெல்லாம் புரண்டது. உடம்பு நடுங்கியது. "காலை எரிச்சுக்கிட்டு எங்கிட்டதானடா வந்து நிப்ப? நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று கத்தினேன். ஐம்பத்தெட்டு வயது மனிதரை டா போட்டுவிட்டேன்.

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா குலவை போட்டார்.

ஒருத்தர் போட்டால் சும்மா இருப்பார்களா? வரிசை முழுக்கக் குலவை போட்டது. ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தை யாரோ ஒடித்துக் கொத்தோடு வந்து என் கையில் திணித்தார்கள். சாமியும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லாரும் வெளியே போங்கள் என்று கத்தினேன். கத்தக் கத்தக் குலவை கூடியது. பிரஷர் பார்க்க வந்த ஒருவர் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கொல்லையில் எந்த மூலையில் போர் போட்டால் தண்ணீர் வரும் என்று பவ்யமாகக் கேட்டார். உம்ம மாத்திரையை ஒழுங்காகத் தின்னும் ஐயா என்றேன். அவர் அதையே வாக்காக வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்புமொழி சத்தம் கேட்டு ஓடி வந்தார். டாக்டரம்மாவுக்கும் கல்யாண யோகம் கேளுங்கள் என்று கூட்டம் அவரைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டது.

உடையப்பன் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார்.

"காலை நீட்டு" என்றேன். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அவர் எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலை நீட்டினார். ஒரு கையில் இருந்த வேப்பிலையை மேஜையில் வைத்துவிட்டு, கைகழுவி, கறுத்த ஓரத்தையெல்லாம் எடுத்து நல்லபடியாகக் கட்டுப் போட்டேன். ஜன்னலில் நாற்பது முகம் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கே ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்துவிட்டார். காலைத் தானாக நீட்டினார். ஆத்தாவே தொடுகிறேன் என்றால் மறுக்க இவர் யார்? எனக்கு ஆசை வந்ததா என்றால், வந்தது. பூக்குழி வேண்டாம் என்று ஆத்தா வாக்காக ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. அன்புமொழிகூட முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கால் பிழைத்தால் சரிதான் அக்கா என்றார். ஷர்லி போனில் விஷயத்தைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் வலி எடுத்துவிடுமோ என்று பயந்தேன்.

ஆனால் ஒரு கோளாறு. காய்ச்சல் அடித்ததா என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாததா ஆத்தா" என்றார். ராத்திரி ஊசி போட்டுக்கொண்டீர்களா? தெரியாததா. எத்தனை யூனிட்? தெரியாததா. ஏதோ நான் அவரைச் சோதித்துப் பார்ப்பது போல ஒரு சிரிப்பு வேறு. மூன்று நாள் இதே பாட்டு. என் சர்வீஸில் இவ்வளவு பணிவான நோயாளியையும் நான் பார்த்ததில்லை, இவ்வளவு உபயோகமில்லாத நோயாளியையும் பார்த்ததில்லை.

நான்காம் நாள் காலையில் வாசற்படியிலேயே சரிந்துவிட்டார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது, கை வெடவெடவென்று ஆடியது. சர்க்கரை ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, அவர் கண் தெளிவதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. காப்புக் கட்டியதிலிருந்து ஒருபொழுதுச் சாப்பாடாம். காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒரு வாய் தின்னாமல் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். இதை ஏன் ஐயா சொல்லவில்லை என்றேன். அவர் குரலே எழும்பாமல் சொன்னார். "நான் வெரதம்னு ஒங்களுக்குத் தெரியாததா ஆத்தா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "உடையப்பண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும். அன்னைக்கி வந்தது சாமி இல்ல, என் கோவம். எனக்கு அப்படித்தான் வரும்" என்றேன்.

அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு டம்ளர் பாலைக் குடித்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் யாரையும் திட்டவில்லை. எனக்குக் காய்ச்சலா என்று எல்லாரும் விசாரித்தார்கள். எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் கண்ணுக்குள் நின்றது. வாயை மூடிக்கொண்டு சாமியாகவே இருந்திருக்கலாமோ, கால் தப்பித்திருக்குமோ என்று நூறு தடவை நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வந்தார். கால் நீட்டவில்லை. ஸ்டூலுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கி வந்தது சாமி இல்லைன்னா, போன வருசம் தணலு சுடாதது?"

இதற்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எங்களிடம் ஒரு கருவி உண்டு. பேனா அளவு கைப்பிடி, நுனியில் ஒரு நைலான் இழை. காலில் அதை வைத்து வளையும் வரை அழுத்தினால் உணர்ச்சி உள்ளவர்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றேன். முதலில் அவர் கையில் தொட்டேன். உடனே ம் என்றார். பிறகு காலை நீட்டச் சொன்னேன். என்ன நினைத்தாரோ, நீட்டினார். கட்டைவிரலில் வைத்தேன். நடுவிரலில், சுண்டுவிரலில், குதிகாலில். இடது காலிலும் வைத்தேன். பத்து இடம். வெளியே வரிசை கப்சிப் என்று பார்த்துக்கொண்டிருந்தது. உடையப்பன் கண்ணை மூடியபடி, பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை போல அவ்வளவு கவனமாகக் காத்திருந்தார்.

"ம், ஆரம்பிங்க" என்றார்.

கண்ணைத் திறந்தார். அவர் பாதத்தில் இழை வளைந்து அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார்.

பிறகுதான் பேசினார். நான் குறுக்கே விழவில்லை, பயிற்சி ஞாபகம் வந்ததால் அல்ல, விழத் தோன்றவில்லை. அவர் மனைவி அமராவதிக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது வைத்த நேர்த்திக்கடன் அது. இரண்டு வருடம் இறங்கினார். அமராவதி போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் சொன்ன வாக்கு வாக்குதானே என்று தொடர்ந்து இறங்கினார். முதல் வருடம் கொப்புளம் போட்டது. வருடம் போகப் போகச் சூடு குறைந்தது. அமராவதிதான் ஆத்தாவிடம் சொல்லித் தன் புருஷன் காலைச் சுடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று இவர் நினைத்திருக்கிறார்.

ஆத்தா என்ன செய்வாள், அமராவதி என்ன சொல்வார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, காலைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அவ வையாத நாளே கெடையாதுங்க. அவ போனதுலேர்ந்து என்னைய யாரும் ஒரு வார்த்தை வையல. நீங்க வஞ்சதும், அதான் சாமின்னு நெனச்சுப்புட்டேன்."

சொல்லிவிட்டு, பேரு இருந்துவிட்டுப் போகிறது, கட்டைப் போடுங்கள் என்று காலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளிவைத்தார். போட்டேன். போடும்போதே, இரண்டு நாள் வராததற்கு அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சந்தோஷமாகத் தலையாட்டினார். தொட்டிக்கு மேலே இருந்த சான்றிதழின் பக்கம் நான் திரும்பவே இல்லை.

நேர்த்திக்கடனுக்கு அவரே பூசாரியிடம் பேசிவிட்டார். மண்ணில் செய்த கால் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் ஆத்தா ஏற்றுக்கொள்வாள் என்று பூசாரி சொன்னாராம். அந்த ஒரு வாரமும் தவறாமல் வந்தார். புண்ணில் கறுப்பு போய்ச் சிவந்த சதை எழுந்தது. இப்படியே ஊன்றாமல் இருந்தால் விரல் தப்பித்துவிடும் என்று அன்புமொழி சொன்னார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. பூக்குழி அன்று உடையப்பன் என்னையும் கட்டாயம் வரச் சொன்னார். பக்கத்தில் ஆள் இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை, போனேன்.

சாயங்காலம். கோயிலுக்கு முன்னால் குழி நிறையத் தணல் தகதகத்தது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உடையப்பன் கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி, மடியில் மண் காலை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார். பறை முழங்கியது. முதல் ஆள் இறங்கி ஓடினார். இரண்டாவது ஆள். மூன்றாவது ஆள். உடையப்பனின் தோள் பறைக்கு ஆட ஆரம்பித்தது. கண் ஒரு மாதிரி ஆயிற்று. மண் காலைக் கீழே வைத்தார். நீட்டியிருந்த கால் இறங்கியது. எழுந்து நின்று, கட்டுப் போட்ட காலை ஊன்றி, குழியைப் பார்த்து ஒரு எட்டு வைத்தார்.

"டேய் உடையப்பா, ஒக்காருடா!"

என் குரல்தான். கோயில் ஒலிபெருக்கியே தோற்றது. கிளிப் மறுபடியும் தெறித்துப் போனது, முடி மறுபடியும் அவிழ்ந்தது. பறை நின்றது. அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது பாருங்கள், ஊரே அதிர்ந்தது. பூசாரி வேப்பிலையோடு என்னை நோக்கி ஓடி வந்தார். போச்சுடா, இனி இந்த மனிதரிடம் எதைக் கேட்டாலும் தெரியாததா என்பார் என்று நினைத்தேன்.

உடையப்பன் திரும்பினார். என்னைப் பார்த்தார். ஒரு கையைத் தூக்கிக் கூட்டத்தை அமர்த்தினார்.

"சாமி இல்லங்க" என்றார் எல்லாருக்கும் கேட்க. "எங்க நர்ஸு. சும்மாதான் வையுறாங்க."

ஒற்றைக் காலில் நொண்டி வந்து உட்கார்ந்தார். காலைத் தூக்கி மறுபடி நாற்காலியில் நீட்டினார். பூசாரி வேப்பிலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கூட்டம் சிரித்தது, பறை மறுபடி கிளம்பியது. நான் ஓடிப்போய்க் கட்டைப் பார்த்தேன். ரத்தம் கசிந்து நனையவில்லை. அவர் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் குனிந்து என் காதுக்கு அருகில் வந்தார்.

"காலையில எட்டு மணிக்கு ஊசி, பன்னெண்டு யூனிட்டு. மூணு இட்டிலி தின்னேன். மத்தியானம் கொஞ்சம் கிறுகிறுன்னு வந்துச்சு, ஒரு வாழைப்பழம் தின்னேன்" என்றார். "ஒங்களுக்கு எங்கிட்டுத் தெரியப் போகுது, அதான் சொல்றேன்."